தனியச் சாப்பிட ஏலாத மனேச்சர்

அவருக்கு நீரிழிவு இருந்தது, பிரஷர் இருந்தது, பிற்காலத்தில் ஈரலும் கெட்டது. இவை எல்லாவற்றுக்கும் யாராவது ஒரு வைத்தியர் மருந்து எழுதினார். மருந்து எழுத முடியாத வருத்தம் ஒன்றும் அவருக்கு இருந்தது. அவரால் தனியே சாப்பிட முடியாது.

இதை நான் பேச்சுக்குச் சொல்லவில்லை. சோற்றைப் போட்டு, கறியைப் போட்டுப் பிசைந்துவிட்டு, வாசல் படலையைப் பார்த்துக்கொண்டு இருப்பார். தெருவில் யாரும் போனால் கூப்பிடுவார். யாரும் போகாவிட்டால் கோப்பையை இன்னொரு கோப்பையால் மூடி, தூக்கிக்கொண்டு வெளிக்கிடுவார். எங்கள் பக்கத்தில் சோற்றுத் தட்டைக் கோப்பை என்றுதான் சொல்வோம். யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் உள்ள புளியங்கூடலில் அவர் வீட்டுக்கு எதிர்வீடு என்னுடையது. ஆகவே அந்தக் கோப்பை வந்து சேருகிற முதல் இடம் என் வீட்டு விறாந்தை.

நான் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவன். கந்தோரில் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. கந்தோர் என்னை விட்ட பிறகும் நான் பன்னிரண்டரையை விடவில்லை. மனைவி கொழும்பில் மகளோடு போயிருந்துவிட்டாள். நான் ஊரை விட்டு வரமாட்டேன் என்றபோது, "உங்களுக்குச் சட்டம் கதைக்க அங்கை ஆர் இருக்கினம்?" என்று கேட்டாள். அவள் கேட்டது சரிதான். சட்டம் கதைக்க மனேச்சர் ஒருவர்தான் இருந்தார். அவரும் சட்டத்தைக் கேட்க வருபவர் அல்ல.

"ஐயா இன்னும் துவங்கேல்லையே?" என்று கேட்டபடி முன்கதிரையில் இருப்பார். தன் கோப்பையைப் பார்க்கவேமாட்டார். என் கோப்பையைத்தான் பார்ப்பார்.

"ஐயா, குழம்பு முடிஞ்சுது."

"எனக்குத் தெரியும்."

"எடுத்தரட்டோ?"

"இது என்ரை வீடு. குசினி எங்கை எண்டு எனக்குத் தெரியும்."

"அதுக்குத்தானே கேட்டனான். நீங்கள் இருங்கோ." எழுந்து போய்ச் சட்டியோடு வருவார்.

அது தொழில் பழக்கம். தீவுப்பகுதியில் பிறந்த ஆண்பிள்ளைகள் பலரைப்போல அவரும் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுத் தெற்கே போனவர். அங்கே ஒரு சிங்கள நகரத்தில், எங்கள் பகுதியார் ஒருவர் நடத்திய சைவக்கடையில் கோப்பை கழுவத் தொடங்கி, காசு மேசைவரை உயர்ந்தார். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கடை எரிந்தது. உடுத்த சாரத்தோடு ஊருக்கு வந்தவரோடு மனேச்சர் என்ற பட்டம் மட்டும் வந்தது. அதை எரிக்க யாருக்கும் தோன்றவில்லை. கடையில் அவருடைய சாப்பாடு மத்தியானச் சனம் ஓய்ந்த பிறகு, சமையல்காரர் முதல் மேசை துடைக்கிறவர்வரை எல்லாரோடும் ஒரே நீள வாங்கில் இருந்து. மிஞ்சிய வடை, மிஞ்சிய பூரி, கரண்டி நிமிர்ந்து நிற்கும் அளவுக்குச் சீனி போட்ட தேத்தண்ணி.

"முப்பது வருசம் ஐயா, ஒரு நாளும் தனியச் சாப்பிட்டதில்லை. இப்ப சோறு தொண்டைக்குள்ளை இறங்குதில்லை. எதிர்ப்பக்கம் ஒரு வாய் அசைய வேணும்."

அவருடைய மனைவி போர்க்கால இடப்பெயர்வில் செத்துப்போனார். ஒரே மகள் கனடாவில். தொண்ணூற்றாறில் தீவுக்குத் திரும்பலாம் என்றபோது முதல் வந்தவர்களில் நாங்கள் இருவரும் இருந்தோம். கடற்படை முகாமில் பதிய வேண்டும், கிராம அலுவலர் விதானையாரிடம் ஒப்பம் வாங்க வேண்டும், பிறகுதான் நிவாரணம். இந்த ஒழுங்கு தெரியாமல் சனம் எல்லா வரிசையிலும் நின்றது. நான் ஒழுங்கைச் சொல்லிக்கொண்டு நின்றேன். யாரும் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற மனேச்சர் எட்டிப் பார்த்து, "ஐயா காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?" என்றார். நான் பதில் சொல்வதற்குள், அவர் வரிசை முழுவதையும் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். வீடு என்பது நான்கு சுவர். கூரையை யாரோ கொண்டுபோயிருந்தார்கள். வானத்தின் கீழே நிவாரண அரிசியும் பருப்பும் அவிந்துகொண்டிருந்தன. எங்கிருந்தோ பொறுக்கிய, ஒன்றோடொன்று பொருந்தாத கோப்பைகளைச் சுவரோரம் வரிசையாக வைத்துவிட்டு, "ஆள் எங்கை, ஆள் எங்கை?" என்று வாசலுக்கும் அடுப்புக்கும் ஓடினார்.

அதன் பிறகு தீவில் சனம் கூடக்கூட, கொண்டாட்டமும் இழவும் கூடின. மனேச்சர் எதையும் விடுவதில்லை. கலியாணம், சாமத்தியவீடு, அந்தியேட்டி, கோயில் அன்னதானம் எல்லாவற்றிலும் பந்தியில் இருப்பார். செத்த வீடுகளில் ஆண்கள் பின்வளவில் கூடிப் போத்தல் திறப்பார்கள். இவர் அங்கேயும் இருப்பார், ஆனால் ஒரு சொட்டுக் குடிக்கமாட்டார். குடிப்பவர்கள் தொட்டுக்கொள்ள வைத்த ஆட்டிறைச்சிப் பொரியலையும் மிக்சரையும் துணைக்கிருந்து சாப்பிடுவார். ஊரில் குடித்தவர்களில் பாதிப்பேர் திடமாக இருந்தார்கள். ஈரல் கெட்டது துணைக்கிருந்தவருக்கு.

அவர் சாப்பிட்ட வீடுகளில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவின் தொங்கலில், பனங்கூடலுக்கு அப்பால், சின்னராசா என்ற கள்ளுச் சீவும் தொழிலாளியின் வீடு. எங்கள் தெருக்காரர் அந்த வீட்டு நன்மை தின்மைக்குப் போவார்கள். போனால், வீட்டுக்காரர் சோடாப் போத்தலைக் கண்முன்னே உடைத்துக் கொடுப்பார். மூடி போட்ட போத்தலுக்குச் சாதி இல்லை என்பது எங்களுடைய கண்டுபிடிப்பு. குடித்துவிட்டு, அவசர வேலை ஒன்று இருப்பதாகச் சொல்லி எழும்புவோம். யாரும் சோறு போடமாட்டார்கள், யாரும் கேட்கமாட்டார்கள். இந்த நடைமுறை எந்தச் சுற்றுநிருபத்திலும் இல்லை. அப்படியிருந்தும் கச்சேரிச் சுற்றுநிருபங்களைவிட ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டது.

மனேச்சர் முதல்நாள் போனபோது சின்னராசா சோடாவை எடுத்துக்கொண்டு வந்தாராம்.

"உதை வை. அடுப்பிலை என்ன கிடக்கு?"

"அடுப்பிலையோ? அது... திருக்கைக் கறி ஐயா."

"ஐயா எதிர்வீட்டுக் கிளாக்கர். நான் அண்ணை. இரண்டு கோப்பை எடுத்துக்கொண்டு வா, உனக்கும் ஒண்டு."

இதை மனேச்சர் என்னிடம் பெருமையாகச் சொல்லவில்லை. திருக்கைக்கு உள்ளி போதாது என்பதைச் சொல்ல வந்த இடத்தில் சொன்னார்.

இரண்டாயிரத்து இரண்டுக்குப் பிறகு வந்த சமாதான காலத்தில்தான் அவருக்குக் கால் வீங்கியது. பிறகு வயிறு. யாழ்ப்பாணத்துக்கு நான் கூட்டிக்கொண்டு போனேன். கிளினிக்குக்குப் போவதிலும் ஒரு முறை இருக்கிறது. முதலில் துண்டு, பிறகு இரத்தம், பிறகு ஸ்கான், அதன் பிறகே வைத்தியர். மாற்றிப் போனால் பின்னேரம்வரை வாங்கில் இருக்க வேண்டும். முறைப்படி போனபடியால் நாங்கள் பின்னேரம்வரை இருக்கவில்லை. மூன்று மணிவரைதான் இருந்தோம்.

வைத்தியர் ஒரு இளம் பெண். ஸ்கானைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார்.

"எவ்வளவு காலமாக் குடிக்கிறியள்?"

"நான் குடிக்கிறேல்லை, டொக்டர்."

"பொய் சொன்னா நான் மருந்து தரேலாது."

"கிளாக்கர் ஐயாவைக் கேளுங்கோ. அரசாங்க உத்தியோகம் பாத்தவர்."

நான் சாட்சி சொன்னேன். அவர் திரும்பவும் கடுதாசிகளைப் புரட்டினார், நீரிழிவு எத்தனை வருடம், என்ன வேலை, என்ன சாப்பாடு என்று கேட்டார். பிறகு குரல் மாறியது. குடியாமலும் இது வரும் என்றார். கொழுப்புப் படிந்து, புண்பட்டு, ஆறி, திரும்பப் புண்பட்டு, ஈரல் தழும்பாகிவிட்டது. பெயர் சிரோசிஸ்.

"தழும்பைத் திருப்பி ஈரலாக்க ஏலாது, அப்பா. மிச்சத்தைக் காப்பாத்தலாம். உள்ளுக்கை ஒரு அழற்சி நடந்துகொண்டிருக்கு. சீனி, சோடா, பொரியல், கொழுப்பு இறைச்சி, டின்னிலை வாற சாப்பாடு, கோதம்பை மாப் பணியாரம், இதெல்லாம் அந்த அழற்சியை அணைய விடாது. அணையாமல் கிடந்தா, அந்தத் தழும்பிலை கான்சர் வாற சாத்தியம் கூடும்."

"வருமோ?"

"வரும் எண்டு சொல்லேல்லை. கூடும் எண்டு சொல்லுறன். அதுதான் ஆறு மாதத்துக்கு ஒருக்கா ஸ்கான். கீரை, மரக்கறி, பயறு, அவிச்ச மீன் சாப்பிடுங்கோ. உப்பைக் குறையுங்கோ."

மனேச்சர் எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். அவர் ஓம் என்று சொல்லும் வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. கந்தோரில் அப்படி ஓம் சொன்னவர்கள் ஒருவரும் வேலை செய்ததில்லை.

பண்ணைப் பாலத்தில் பஸ் ஏறியதும் சொன்னார்: "விளங்கிச்சுது ஐயா. ஈரலிலை சூடு."

"அவ சூடு எண்டு சொல்லேல்லை."

"அணைய விடாது எண்டு சொன்னாதானே. அணையாமல் கிடக்கிறது சூடில்லாமல் என்ன? கடையிலை அடுப்புக்கு முன்னாலை நிண்டு நிண்டு உள்ளுக்குப் போட்டுது."

எங்கள் ஊரில் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் சூடு, குளிர்மை என்று ஒரு குணம் உண்டு. அதை யாரும் படிப்பதில்லை. தாய்ப்பாலோடு வருகிறது. அந்தக் கணக்குப்படி அவர் உடனே வைத்தியத்தைத் தொடங்கினார். கோப்பி சூடு, நிறுத்தினார். உள்ளி சூடு, நண்டு சூடு, முட்டை சூடு, எல்லாம் போயிற்று. குளிர்மைக்கு நன்னாரி சர்பத், பனங்கற்கண்டு போட்ட பால், சீனி கலந்த மோர், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஒரு போத்தல் சோடா. சோடா ஐஸ்பெட்டிக்குள் இருந்து வருவதால் அது குளிர்மை. நான் எடுத்துச் சொன்னேன். "ஐயா, நீங்கள் எட்டுமணிக்குக் கந்தோர் போன ஆக்கள். உங்களுக்குச் சூடு தெரியாது" என்றார்.

அடுத்த கிளினிக்கில் இரத்தத்தில் சீனி எங்கோ ஏறியிருந்தது. வைத்தியர் ஒவ்வொன்றாகக் கேட்டு, பேனையைக் கீழே வைத்தார்.

"கோப்பியை ஏன் விட்டனீங்கள்?"

"சூடு."

"சீனி போடாத கோப்பி ஈரலுக்கு நல்லது எண்டுதான் நாங்கள் சொல்லுறது. நீங்கள் நல்லதை விட்டிட்டு, கூடாததைப் போத்தல் போத்தலாக் குடிச்சிருக்கிறியள்."

மனேச்சர் என்னைப் பார்த்தார். "அப்ப ஐயா சொன்னது சரிபோலை."

"நான் ஒரு சொல்லும் சொல்லேல்லை" என்றேன். சொல்லியிருந்தேன்தான். ஆனால் அந்த அறையில் அதை நிறுவுவதால் யாருக்கும் பயன் இல்லை.

அதன் பிறகு அவர் உண்மையாகவே கட்டுப்பட்டார். கட்டுப்பட்டது வைத்தியருக்கு அல்ல, ஒரு நினைப்புக்கு. மகளுக்கு அந்த வருடம் குழந்தை பிறந்திருந்தது. "பேத்தி வந்து இந்த விறாந்தையிலை இருந்து சாப்பிட வேணும். அதுவரை இந்த ஈரல் தாங்கினால் காணும்" என்றார். கீரையை அவித்தார், மீனை அவித்தார், குரக்கன் மாவைப் பிட்டாக அவித்தார். உப்பு அரைக் கரண்டி, எண்ணெய் இல்லை. பெரிய வயிறு வற்றியது. வைத்தியர் சந்தோஷப்பட்டார்.

ஆனால் அந்தப் பத்தியச் சாப்பாடு இருவருக்குரியது அல்ல. பந்திக்குப் போனால் பரிமாறுகிறவன் கேட்காமல் வடையைப் போடுவான். வேண்டாம் என்றால் வீட்டுக்காரர் முகம் சுருங்கும். எல்லா வீட்டிலும் "ஒரு நாளைக்கு என்ன செய்யும்?" என்றார்கள். ஊரில் நூறு வீடு இருந்தால் அந்த ஒரு நாள் நூறு நாள். ஆகவே போகாமல் விட்டார். மனேச்சருக்குக் குடித்து ஈரல் கருகிவிட்டதாம், அதுதான் வெட்கத்தில் ஒளித்திருக்கிறார் என்று ஊர் முடிவு செய்தது. பின்வளவில் குடித்தவர்களே அதைச் சொன்னார்கள்.

என் விறாந்தைக்கு மட்டும் வந்தார். நான் மீன் பொரிப்பேன். எனக்கு ஈரல் சரி. அவர் தன்னுடைய பச்சைக் குவியலைக் கையால் ஒதுக்கி ஒதுக்கி, என் பொரியலைப் பார்க்காமல் இருக்கப் பழகினார். என் கோப்பையைப் பார்ப்பதையே விட்டார். குழம்பு முடிந்தது என்று யாரும் சொல்லாமல் சில மாதங்கள் போயின. எதிரும் புதிருமாக இருந்து இரண்டு பேரும் தனியே சாப்பிட்டோம்.

சின்னராசாவின் மகளுக்குக் கலியாணம் வந்தது. மனேச்சருக்கு வீட்டுக்கு வந்து சொல்லியிருந்தார்கள். போகாமல் விட அவரால் முடியவில்லை. அவர் ஒரு வழி கண்டார். மூன்று அடுக்குச் சாப்பாட்டுக் கரியர் ஒன்று வைத்திருந்தார். அதற்குள் குரக்கன் பிட்டும் முருங்கையிலையும் அவித்த மீனும் வைத்துக் கொண்டுபோவது, பந்தியில் எல்லாரோடும் இருந்து தன்னுடையதைச் சாப்பிடுவது. வைத்தியருக்கும் நல்லம், பந்திக்கும் நல்லம்.

ஈரலைப் பற்றி மட்டும் யோசித்த மனிதன் செய்யக்கூடிய பிழை அது. நானும் அவரோடு போனேன். சோடாக்காரர் வரிசையில் இருந்தேன். அவர் பந்தலுக்குள் போய் வாங்கில் இருந்து, இலையை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, கரியரைத் திறந்தார். சோற்றுக் கடகத்தோடு வந்த சின்னராசா அப்படியே நின்றுவிட்டார். பந்தியில் இருந்தவர்கள் கரியரைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் சோறு சாப்பிட்ட எங்கள் தெருக்காரர் ஒருவர்தான். அவரும் இன்றைக்குத் தன் வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நாங்களாவது மூடிய போத்தலோடு நிறுத்தியிருந்தோம்.

"சோடா உடைக்கட்டோ, ஐயா?" என்றார் சின்னராசா. அண்ணை இல்லை. ஐயா.

மனேச்சர் நிமிர்ந்து பார்த்தார். நான் அவரைப் பல வருடங்கள் அறிவேன். நிவாரண வரிசையில், ஸ்கான் அறை வாசலில், எங்கேயும் அந்த முகத்தை நான் கண்டதில்லை.

"இரடா" என்றார். "இதிலை, எனக்கு எதிரை இரு. இண்டைக்கு நீ வீட்டுக்காரன் இல்லை."

"பந்தி நடக்குது ஐயா."

"உந்த ஐயாவை விடு. எனக்கு ஈரலிலை வருத்தம். டொக்டர் இலை குழை தின்னச் சொல்லியிருக்கிறா. அதுதான் இதுக்குள்ளை கிடக்கு, வேறை ஒண்டுமில்லை. இந்தா, இதை நீ சாப்பிடு. உன்ரையை எனக்குப் போடு."

கரியரை அப்படியே அவர் பக்கம் தள்ளினார். தன் இலையை இழுத்து விரித்தார். சின்னராசாவின் தம்பி சோறு போட்டான். ஆட்டிறைச்சி, கத்தரிக்காய்ப் பால்கறி, பொரித்த மிளகாய், பாயசம், இரண்டாம் முறை பாயசம். மனேச்சர் ஒன்றையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எதிரே சின்னராசா பட்டு வேட்டியோடு இருந்து உப்பில்லாத முருங்கையிலையை மென்றார்.

"அண்ணை, இதென்ன, ஆட்டுக்கு வைச்சதையோ கொண்டு வந்தனீங்கள்?"

பந்தல் சிரித்தது. மனேச்சர் வாய் நிறையச் சோற்றோடு சொன்னார்: "குழம்பு விட்டுச் சாப்பிடாதை, மருந்து பழுதாப் போகும்."

திரும்பி வரும்போது, "வைத்தியருக்கு என்ன சொல்லப் போறீர்?" என்று கேட்டேன்.

"கேட்டால் சொல்லுவன். ஐயா, நான் சாப்பிடாட்டி அவன் இனிமேல் எனக்குச் சோடாத்தான் உடைச்சிருப்பான். அதைவிடக் கான்சர் என்ன செய்யும்?"

கான்சர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் கழுவிய கரியரோடு சின்னராசா வந்தார். வெறுங்கரியர் அல்ல. அவருடைய மனைவி கீரையும் மீனும் உப்பில்லாமல் அவித்து அனுப்பியிருந்தாள். சின்னராசாவுக்கும் சேர்த்து. "அந்த இலை எனக்கு வயித்துக்குச் சுகமாக் கிடந்தது" என்றார். அது பொய் என்பது முகத்தில் தெரிந்தது. இருவரும் மனேச்சர் வீட்டு விறாந்தையில் இருந்து சாப்பிட்டார்கள். மறுநாளும். பிறகு அது வழமையாகிவிட்டது. மரத்திலிருந்து இறங்கி, கால் கை கழுவி, ஒரு மனிதன் தினமும் இன்னொருவனுடைய பத்தியச் சாப்பாட்டை எதிரே இருந்து சாப்பிட்டான்.

எனக்குப் பன்னிரண்டரை மாறவில்லை. எதிர்வீட்டிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்கும். "சின்னராசா, உன்ரை கோப்பையிலை கீரை முடிஞ்சுது" என்பது தெளிவாகக் கேட்கும். நான் வானொலியைப் போட்டேன். வானொலியில் அந்த நேரம் மரண அறிவித்தல் போகும். மனேச்சர் சில நாள் மதிலால் எட்டி, "ஐயாவும் வாங்கோவன்" என்பார். பென்ஷன் விஷயமாக எழுத்துவேலை இருக்கிறது என்பேன். என் பென்ஷனில் எழுத ஒன்றும் இருக்கவில்லை. அது மாதாமாதம் ஒழுங்காக வந்தது.

இரண்டாயிரத்து ஆறில் போர் திரும்பத் தொடங்கி, தெற்கிலிருந்து வரும் பாதையைப் பூட்டினார்கள். கடலுக்குப் போகத் தடை, போனால் நேரக்கட்டுப்பாடு. தென்பகுதி மரக்கறி வரவில்லை. பங்கீட்டில் கொடுத்தது கோதம்பை மா, சீனி, டின்மீன். வைத்தியர் விலக்கச் சொன்னவற்றின் பட்டியலை யாரோ பார்த்து அனுப்பியதுபோல இருந்தது. சின்னராசா பங்கீட்டுச் சீனியைக் கொடுத்துக் கீரை வாங்கி வந்தார். வேலியில் படர்ந்த முசுமுசுக்கையைப் பிடுங்கினார்கள். அவர்களுடைய சாப்பாடு பிசகவில்லை. பிசகியது ஸ்கான். முதல் முறை ஊரடங்கு. இரண்டாம் முறை பஸ் பாதியில் திருப்பப்பட்டது. மூன்றாம் முறை நாங்கள் போய்ச் சேர்ந்தோம், இயந்திரத்துக்கு ஏதோ பாகம் வரவில்லை. இதற்கெல்லாம் நான் சரியான முறையில்தான் விண்ணப்பித்தேன்.

கடைசியில் ஸ்கான் எடுத்தபோது கான்சர் இருந்தது. அதே வைத்தியர்தான். இப்போது தலையில் இரண்டு நரை. மனேச்சரைக் கதிரையில் இருத்தி, மறைக்காமல் சொன்னார். கட்டி பெரிது. வெட்டுகிற நிலை தாண்டிவிட்டது.

மனேச்சர் கேட்டார்: "டொக்டர், நான் ஒரு கலியாணத்திலை சாப்பிட்டனான். ஆட்டிறைச்சி. பாயசம் இரண்டு தரம். அதாலையோ?"

"ஒரு நாள் சாப்பாட்டாலை இது வராது, அப்பா. முப்பது வருசத்திலை வந்த தழும்பு. நீங்கள் பிறகு ஒழுங்காச் சாப்பிட்டபடியால் இவ்வளவு காலம் கிடைச்சிருக்கலாம். நிச்சயமாச் சொல்ல என்னாலை ஏலாது."

"அப்ப சரி" என்றார். "சின்னராசாவுக்குச் சொல்ல வேணும். அவன் அதையே நினைச்சுக்கொண்டிருக்கிறான்."

பேத்தி வரவில்லை. பாதை பூட்டியிருக்கும் தீவுக்குக் குழந்தையைக் கொண்டுவர எந்த நடைமுறையும் இல்லை. ஆஸ்பத்திரி வாட்டில் அவர் கடைசியாகப் படுத்திருந்தபோது நான் இருந்த நேரம் மத்தியானம். பக்கத்துக் கட்டில்காரர் சோற்றுப் பார்சலைப் பிரித்தார். மனேச்சர் அந்தப் பக்கம் திரும்பி, அவர் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு என்னிடம், "நேரமாச்சு, போய்ச் சாப்பிடுங்கோ ஐயா" என்றார். "தனியவோ?" என்று அவரே திரும்பக் கேட்டார்.

"ஓம்."

"அதுதான் பிழை" என்றார்.

இரண்டு நாள் கழித்து முடிந்துவிட்டது. வாட்டிலிருந்து உடலை எடுப்பது, சோதனைச்சாவடியைக் கடப்பது, இறப்புப் பதிவு எல்லாம் நான் பார்த்தேன். தூரத்து மருமகன் ஒருவர் கொள்ளி வைத்தார். எட்டுச் செலவு என்கிற எட்டாம் நாள் சடங்கு வந்தது. செத்தவருக்கு விருப்பமானதைச் சமைத்துப் படைக்கிற நாள். மகள் தொலைபேசியில் அழுதாள்.

"அங்கிள், அப்பாவுக்கு விருப்பமானதெல்லாம் வையுங்கோ."

"என்ன விருப்பம் பிள்ளை?"

அவள் யோசித்தாள். வடை என்றாள். பாயசம் என்றாள். பிறகு, "அப்பா எங்களுக்குப் போட்டுப் போட்டுத்தான் சாப்பிடுவார். அவரின்ரை கோப்பையிலை என்ன இருந்தது எண்டு எனக்கு ஞாபகமில்லை" என்றாள்.

ஆள் பிடித்து வடையும் பாயசமும் இறைச்சியும் சமைப்பித்தேன். அவர் வீட்டு அறையில் தலைவாழை இலை போட்டு, தண்ணீர்ச் செம்பு வைத்து, விளக்கேற்றினேன். இனி என்ன செய்வது என்பது எனக்குத் தெரியும். எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்த வேண்டும். செத்தவர் வந்து தனியே இருந்து சாப்பிடுவார். அதுவரை யாரும் உள்ளே போகக்கூடாது. எங்கள் பகுதியில் அதுதான் முறை.

வெளியே வந்தபோது சின்னராசா நின்றார். முற்றத்தில் அல்ல, படலைக்கு வெளியே, தெருவில். கையில் கரியர்.

"வைக்கலாமோ எண்டு தெரியேல்லை" என்றார். "முசுமுசுக்கையும் அவிச்ச மீனும். உப்புப் போடேல்லை."

முற்றத்தில் இருந்த மருமகனும் இன்னும் இரண்டு மூன்று பெரியவர்களும் என்னைப் பார்த்தார்கள். முறை தெரிந்தவன் நான்தானே.

"உள்ளை வாரும்" என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, முற்றத்தைத் தாண்டி, விறாந்தையைத் தாண்டி அறைக்குள் வந்தார். நான் குசினியிலிருந்து இன்னும் இரண்டு இலை எடுத்துவந்து, அந்த இலைக்கு எதிரே போட்டேன்.

"கிளாக்கர் ஐயா, கதவைச் சாத்திப்போட்டு வாங்கோ" என்று வெளியிலிருந்து மருமகன் கூப்பிட்டார்.

நான் கதவைச் சாத்தினேன். உள்ளே நின்று சாத்தினேன். வெளியே யாரோ ஏதோ சொன்னார்கள். முறைக்கு விரோதம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். சரிதான்.

சின்னராசா கரியரைத் திறந்து முதலில் அந்த இலைக்குப் போட்டார். பிறகு எனக்கு. பிறகு தனக்கு. இருந்தோம். விளக்கு எரிந்தது. கீரை சகிக்கவில்லை. மீனும் அப்படித்தான். நான் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

"ஐயா" என்றார் சின்னராசா கொஞ்ச நேரம் கழித்து. "உங்கடை இலையிலை முடிஞ்சுது."

"எனக்குத் தெரியும்" என்றேன். பிறகு, "போடும்" என்றேன்.